ஏ ஷிப்ட் முடியும் வரை

"ஆடி, செவ்வாய். சி ஷிப்ட் முடிந்து வீடு. மேற்குக் காற்று, தூசி. மாடிக் குழாயில் தண்ணீர் இல்லை. விடிந்ததிலிருந்து சிவப்பு. தூக்கம் இல்லை."

தினசரி நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் நான் எழுதிவைத்த குறிப்பு இது. பல வருடங்களாக இப்படி எழுதிவருகிறேன். படப்பையில் பாலம் வேலைக்காகச் சாலையைத் திருப்பிவிட்ட நாள், எங்கள் தெருமுனைக்கு முதன்முதலாகக் கம்பெனி பஸ் வந்த நாள், ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்த நாள் எல்லாம் என்னிடம் உண்டு. யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன். பிட்காயின் விலையை மட்டும் ஒருநாளும் எழுதியதில்லை. எழுதி முடிப்பதற்குள் அது வேறு விலையாகிவிடும். அதனால்தான் 'சிவப்பு' என்று ஒரே சொல். விலை இறங்கும்போது செயலியில் எண் அந்த நிறத்துக்கு மாறும், ஏறும்போது பச்சைக்கு.

நாங்கள் இருப்பது மணிமங்கலத்தில், ஒரு மாடிப் போர்ஷனில். ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். என் மனைவி பென்னலூருக்கு அப்பால் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் நின்று வேலை செய்தாள். இருவருக்கும் வாரா வாரம் ஷிப்ட் மாறும். அவளுக்குக் காலை ஏ ஷிப்ட் என்றால் எனக்குப் பெரும்பாலும் இரவு சி ஷிப்டாக அமையும். அவள் பஸ் போன பிறகு என் பஸ் வந்து நிற்கும். சில நாட்கள் இரண்டும் வழியில் எதிரெதிரே கடக்கும். கண்ணாடியில் முகம் தெரியாது, அசைக்கிற கை மட்டும் தெரியும்.

என் கம்பெனியிலும் வேலை நேரத்தில் போனைத் தொட முடியாது. அவள் கம்பெனியில் போன் உள்ளேயே போகாது. கேமரா உள்ள எதுவும் போகாது. கேட்டுக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் வரிசையாகச் சின்ன லாக்கர்கள் இருக்கும். போனை அதில் வைத்துப் பூட்டி, சாவியை அடையாள அட்டையோடு கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனால், ஷிப்ட் முடிந்து வெளியே வந்துதான் எடுக்க முடியும். அந்த நேரத்தில் உலகத்தில் என்ன நடந்தாலும் அது அவளுக்கு இன்னும் நடக்கவில்லை.

பிட்காயின் வாங்கியது அவளுடைய போனஸ் பணத்தில். கணக்கு அவள் பெயரில் இருந்தது. செயலி இருவர் போனிலும் இருந்தது. வாங்கியதற்குக் காரணம் ஒன்றுதான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு லைனுக்கு வந்தவள் அவள். தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் லேப் டெக்னீஷியன் டிப்ளமோ படித்து லைனை விட்டு வெளியே வர வேண்டும் என்பது அவள் ஆசை. ஆசை என்று நான்தான் எழுதுகிறேன். அவள் அதை முடிவு என்றுதான் சொல்வாள். அந்த வருடம் சேராவிட்டால் அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும் என்று கல்லூரி அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். முதல் தவணை கட்டக் கடைசி நாள் அந்தச் சனிக்கிழமை.

முன்னமே விற்றிருக்கலாமே என்று இப்போது யாரும் கேட்கலாம். ஆனி மாதம் முழுவதும் பச்சையாக இருந்தது. பச்சையாக இருக்கும்போது விற்கிறவன் மூடன் என்று எங்கள் பஸ்ஸில் எல்லோரும் நம்பினார்கள். நான் விற்கலாம் என்றால் அவள் இன்னும் ஒரு வாரம் என்பாள். அவள் சரி என்று சொன்ன நாளில் நான் இன்னும் ஒரு வாரம் என்றேன்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. ஒருமுறை அவள் என்னைக் கேட்காமல் வாங்கினாள், ஒருமுறை நான் அவளைக் கேட்காமல் விற்றேன். இரண்டும் தப்பாகப் போயின. அதற்குப் பிறகு அவள்தான் விதி போட்டாள். வாங்குவதோ விற்பதோ, இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருக்கும்போதுதான் நடக்க வேண்டும்.

"இன்னொரு வாட்டி யாராவது தனியா அமுக்கினா, அன்னியோட கணக்கு தனித்தனி" என்றாள், அரிசி களைந்துகொண்டே. "காயின் கணக்கு மட்டும் இல்லப்பா. சம்பளம், வாடகை, எல்லாம் தனித்தனி. ஒரு வூட்ல ரெண்டு பேயிங் கெஸ்ட்டு மாரி இருந்துக்கலாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் சிரித்துக்கொண்டு சொன்ன எதையும் பிறகு மாற்றியதில்லை.

கோயில் கல்வெட்டுகளைப் படிப்பதில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு. சோழர் காலத்தில் அணையா விளக்குக்காகக் கோயிலுக்குக் கொடுத்த ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று வெட்டியிருப்பார்கள். சாகாத, கிழடாகாத ஆடுகள். எப்போது எண்ணினாலும் கொடுத்த எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும். பிட்காயின் வாங்கிய புதிதில் இதை அவளிடம் பெருமையாக விளக்கினேன். இதுவும் அப்படித்தான், மண்ணில் மக்காது, யாரும் அச்சடித்துப் பெருக்க முடியாது என்றேன். அவள் ஒரே கேள்வி கேட்டாள்.

"அந்த ஆட்டுக்கு புல்லு போட்டது யாரு?"

மேய்ப்பன்தான் என்றேன். செத்துப்போன ஆட்டுக்குப் பதில் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் காப்பது அவன் வேலை. "அப்ப ஆடு சாவுது. அவன் தூங்கல. அவ்ளோதான" என்றாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. சி ஷிப்ட் முடிந்து வருகிற பஸ்ஸில் பொதுவாக எல்லோரும் வாய் திறந்து தூங்குவார்கள். அன்று யாரும் தூங்கவில்லை. எல்லா முகத்திலும் போன் வெளிச்சம். வீட்டுக்கு வந்து, ஜன்னலில் கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டிய பகுதியின் கீழே பாயை விரித்துப் படுத்தேன். பகலில் தூங்குகிறவர்கள் இந்தப் பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான் ஜன்னலை அடைப்பார்கள். சார்ட்டின் ஓரத்தில் ஒரு கிழிசல் உண்டு. அதன் வழியாக ஒரு வெளிச்சக் கோடு சுவரில் விழுந்து மெல்ல நகரும். கண்ணை மூடினால் அந்தக் கோடு, திறந்தால் போன்.

தவணைக்கு வேண்டியதற்கு மேலே கொஞ்சம் மிச்சமாக இருந்த பணம், பள்ளிக்கூட வேன்கள் ஹாரன் அடிக்கும் நேரத்தில் தவணைக்குச் சரியாக வந்து நின்றது. காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் தக்காளி விலை சொல்லிக்கொண்டு போனார். அவர் தெரு முனையில் திரும்புவதற்குள் இன்னும் இறங்கியது. போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். பிறகு அலமாரியில் வைத்தேன். எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி போய் அதை எடுத்தேன்.

நான் அவசரக்காரன் என்று அவள் சொல்வது முழு உண்மையில்லை. என் வேலை அப்படிப் பழக்கியிருக்கிறது. எங்கள் பிரிவில் சுவரில் ஒரு வரைபடம் தொங்கும். மெஷின் போடும் துளையைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை அளந்து புள்ளி வைப்போம். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் ஒன்று. புள்ளிகள் தொடர்ந்து ஒரே பக்கமாகச் சரிந்தால், கீழ்க்கோட்டைத் தொடும்வரை காத்திருக்கக் கூடாது. அப்போதே மெஷினை நிறுத்தச் சொல்ல வேண்டும். பார்த்துக்கொண்டு சும்மா நின்றவனுக்கு மெமோ வரும். எங்கள் இடத்தில் பொறுமை என்பது நல்ல குணம் அல்ல, கவனக்குறைவு. வருடக்கணக்கில் அப்படிப் பழகிய கைக்கு, சரிகிற புள்ளிகளைப் பார்த்தால் ஒன்றுதான் தெரியும்: நிறுத்து.

ஆனால் துளைக்கு ஒரு நடுக்கோடு உண்டு. வரைபடம் போட்டவர் ஒருவர் இருக்கிறார், கையெழுத்து இருக்கிறது. பிட்காயினுக்கு நடுக்கோடு யார் போட்டது? யோசித்துப் பார்த்தால் நான்தான் போட்டிருக்கிறேன், நாங்கள் வாங்கிய விலையில். நாங்கள் என்ன விலைக்கு வாங்கினோம் என்பது உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது, விலைக்கும் தெரியாது. இது புரிந்துவிட்டதால் மனம் அடங்கியது என்று எழுத ஆசைதான். அடங்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி டீக்கடைக்குப் போனேன்.

டீக்கடை பெஞ்சில் எதிர்வீட்டு மாடியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் மூன்று இளைஞர்கள் இருந்தார்கள். மூவருக்கும் என்னைப் போலவே இரவு ஷிப்ட், வெவ்வேறு கம்பெனிகள். மூவரும் தூங்கவில்லை. ஒருவன் அப்போதுதான் விற்று முடித்திருந்தான். விற்றவனுக்கு மற்றவர்களும் விற்றால்தான் நிம்மதி.

"இன்னாண்ணா, இன்னும் வச்சிக்கினு கீறியா?" என்றான். "குவாலிட்டி ஆளு, ரிஜெக்ட் பீஸ மடியில கட்டிக்கினு உக்காந்துகீறியே."

"இன்னும் இறங்கும்ணா" என்றான் இரண்டாமவன். "நைட்டு அமெரிக்காகாரன் எழுந்தா இன்னும் போட்டு சாத்துவான்."

"நீ விக்கல இல்ல? நீ எதுக்கு பேசற?" என்று விற்றவன் அவனை அதட்டினான்.

"நான் எங்கடா விக்கறது? வாங்கின ரேட்டுக்கு வரட்டும், அந்த செகண்டே வித்துட்டு சாமிக்கு மொட்ட போட்டுக்கறேன்."

டீ மாஸ்டர் பாய்லரைத் துடைத்துக்கொண்டே, "உனக்கு ஏற்கெனவே பாதி மொட்டதானடா" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தபடியே செயலியைத் திறந்து 'விற்க' என்ற பொத்தானைத் தொட்டேன். விற்பதற்கில்லை. விற்றால் பிடித்தம் போகக் கையில் என்ன வரும் என்று பார்ப்பதற்குத்தான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விற்கக்கூடிய இருப்பு பூஜ்யம் என்று காட்டியது.

மூடித் திறந்தேன். பூஜ்யம். இறங்கிய விலைகூட இல்லை, ஒன்றுமே இல்லை.

"ஹேக் ஆயிடுச்சா?" என்று நான் வாய்விட்டுக் கேட்டிருக்க வேண்டும். மூவரும் என் தோளுக்கு மேல் குனிந்தார்கள்.

"போச்சு. ஏதாவது லிங்க் அமுக்கினியாண்ணா?"

"அண்ணி போன்ல யாராவது ஓடிபி கேட்டாங்களா?"

அதுவரை பேசாமல் இருந்த மூன்றாமவன் போனை என் கையிலிருந்து வாங்கினான். தென்மாவட்டத்துப் பையன், எதையும் பதறாமல் செய்வான். இரண்டு இடத்தில் தொட்டுவிட்டுத் திருப்பிக் காட்டினான்.

"எங்கயும் போகலண்ணே. ஆர்டர் போட்டு நிக்கி. பாருங்க, விக்கதுக்கு எவ்வளவு ஒசரத்துல வெல போட்டிருக்காவ. அந்த வெல வந்தாத்தான் விக்கும். அதுவர காயின் பூட்டுலதான் கெடக்கும்."

அன்று விடியலில் போட்ட ஆர்டர். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி, போனை லாக்கரில் வைப்பதற்குச் சற்று முன்னால். விலையோ, ஆனி மாதத்துப் பச்சையில்கூடத் தொடாத உயரம். எங்களிடம் இருந்தது முழுவதையும் அதில் போட்டிருந்தாள்.

விற்றவன் கைதட்டினான். "ண்ணா! அண்ணி உன்னிய உள்ள வச்சி பூட்டிட்டு சாவிய எத்துக்கினு பூட்டாங்க!"

"கேன்சல் அமுக்குண்ணா" என்றான் இரண்டாமவன். "ஒரே டச்சு. அப்புறம் வித்துக்க."

ஒரே டச்தான். 'ரத்து' என்ற சிவப்புப் பொத்தான் ஆர்டருக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைத் தொடாமல் விற்க முடியாது. வெறும் விற்பனையாக இருந்திருந்தால், பதற்றத்தில் கை பட்டுவிட்டது என்றாவது சொல்லலாம். இதில் முதலில் அவள் போட்டதை எடுக்க வேண்டும், பிறகு என்னுடையதைப் போட வேண்டும். இரண்டு தடவை தெரிந்தே செய்ய வேண்டும். டீக்குக் காசு கொடுத்துவிட்டு பைக்கை எடுத்தேன்.

அவளைக் கேட்டுவிடலாம், அதுதான் வழி என்று தோன்றியது. உள்வழியாகப் போனால் கண்டெய்னர் லாரிகளுக்குப் பயப்பட வேண்டாம் என்பதால் ஏரிக்கரைப் பாதையில் போனேன். வண்டியை நிறுத்தி ஒருமுறை பார்த்தேன். அடுத்த ஊர் தாண்டி இன்னொரு முறை. தவணைக்குக் கீழே போய்விட்டது. இனி அதைத் தவணை என்று சொல்ல முடியாது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு கல்லூரி அலுவலகத்தில் எந்த முகத்தோடு அவள் நிற்பாள் என்று நினைத்தபோது வண்டி பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியது.

கேட்டில் செக்யூரிட்டி ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என்னைப் பார்த்ததும் எழாமலே கேட்டார்.

"இன்னா சார், யார பாக்கணும்?"

"லைன்ல என் ஒய்ஃப் இருக்காங்க. ரெண்டு நிமிஷம் வெளில கூப்பிட முடியுமா?"

"ஆஸ்பத்திரியா, சாவா?"

"என்னது?" என்றேன்.

"ரெண்டுல ஒண்ணு எழுதினாதான் லைன்ல இருந்து விடுவாங்கோ சார். வேற எதுக்கும் ஆள் மாத்த மாட்டாங்கோ. அரை நாள் சம்பளமும் புடிச்சிக்குவாங்கோ. சொல்லு, ஆஸ்பத்திரியா, சாவா?"

"ரெண்டும் இல்ல."

அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"அப்ப காயினு."

"எப்படிங்க தெரியும்?"

"காலைலேர்ந்து நீ மூணாவது ஆளு." அவர் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "மொத ஆளு ஆஸ்பத்திரின்னு எழுதினான். மாமியாருக்கு முடியலன்னு. நானும் நம்பிட்டு உள்ள போன் போட்டேன். அந்தப் பொண்ணு அழுதுகினே ஓடியாந்துச்சு சார். மேல போட்ற வெள்ள கோட்டக்கூட கழட்டல. இவன் இன்னா கேக்கறான்ற? 'புது போன்ல லாகின் ஆவல, உன் நம்பருக்கு ஓடிபி வந்துகீது, லாக்கர தொறந்து சொல்லு'ன்றான்."

"சொன்னாங்களா?"

"லாக்கர தொறந்துச்சு. போன எடுத்துச்சு. அத்தாலயே ரெண்டு குடுத்துச்சு." சிரித்தார். உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அவங்கம்மாவுக்கு நெசமாவே உடம்பு சரியில்லயாம் சார். கொஞ்ச நாளாவே. அத்த வச்சிதான் எழுதிகீறான் நாயி. திரும்பி உள்ள போவும்போது அந்தப் பொண்ணு என்னையும் ஒரு பார்வ பாத்துச்சு. நான் இன்னா பண்ணேன்?"

"ரெண்டாவது ஆள்?"

"அவன் இந்த கதைய கேட்டுட்டு வண்டிய திருப்பிக்கினு பூட்டான். நீ இன்னா பண்ணப் போற?"

"நிக்கறேன். ஷிப்ட் விடற வரைக்கும்."

"நில்லு. வெயில்ல நிக்காத, அந்தாண்ட போ. அப்புறம் உன்னியே ஆஸ்பத்திரின்னு எழுதற மாரி ஆயிடும்."

பஸ் நிற்கும் கொட்டகையின் தூணில் சாய்ந்து நின்றேன். உட்கார்ந்தேன். மறுபடி நின்றேன். உள்ளேயிருந்து கேன்டீன் சாம்பார் வாசனை வந்தது. அவள் இப்போது சாப்பிடுவாளா, அல்லது இன்னும் லைனில் நிற்கிறாளா என்று தெரியவில்லை. அவள் வேலையை எனக்குச் சொல்லியிருக்கிறாள். பெல்ட்டில் போர்டு வரும். வந்து நிற்கும்போது திருகாணிகளை முடுக்க வேண்டும். வருவதற்கு முன் கை நீளக் கூடாது, போன பிறகு பின்னால் ஓடக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்தில் போர்டை எதிர்கொண்டு போய்ப் பிடிக்கப் பார்ப்பார்களாம். அப்படிப் பிடித்தால் அதற்குப் பின்னால் வருவது எல்லாம் குழம்பும் என்றாள்.

நானோ எதிர்கொண்டு போய்ப் பிடிக்கிறவனாகவே நின்றேன். செயலியைத் திறப்பேன். ஆர்டர் பக்கத்துக்குப் போவேன். 'ரத்து' பொத்தானுக்கு மேலே கட்டைவிரலைக் கொண்டுபோய் நிறுத்துவேன். அமுக்கினால் மிஞ்சுவதையாவது காப்பாற்றலாம். ஒரு தவணை போகட்டும், பாதித் தவணையாவது இருக்கும். அவளுடைய படிப்புக்காகத்தானே செய்கிறேன், எனக்காகவா? இந்த வாதத்தில் ஒரு ஓட்டையும் தெரியவில்லை. ஆனால் அந்த முதல் ஆளும் இதே வாதத்தைச் சொல்லிக்கொண்டுதான் பதிவேட்டில் மாமியாரை எழுதியிருப்பான். போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன். பிறகு எடுத்தேன். செக்யூரிட்டி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருமுறை கையை ஆட்டி, உள்ளே வை என்று சைகை காட்டினார்.

ஷிப்ட் விட்டது. வெள்ளமாக வந்தார்கள். நூற்றுக்கணக்கான பெண்கள், எல்லோரும் நேரே லாக்கர் கொட்டகைக்கு. போன்கள் உயிர்பெற்ற சத்தம் ஒன்றாகக் கேட்டது. அவள் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். முகம் மாறியது. அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. தூங்க வேண்டிய நேரத்தில் கேட்டில் வந்து நிற்கிற புருஷன் என்றால், அவளுக்கும் அந்த இரண்டு காரணம்தான் தெரியும்.

"யாருக்கு இன்னா?" என்றாள்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. காயின் இறங்கிடுச்சு."

அவள் மூச்சை விட்டாள். பிறகு என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "யோவ்! ஒரு நிமிஷத்துல உயிர் போய் வந்துச்சு. இதுக்கா தூங்காம வந்த?"

"கேக்காம அமுக்கக் கூடாதுன்னு சொன்ன இல்ல."

அவள் லாக்கரைத் திறந்து போனை எடுத்தாள். விலையைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆர்டர் பக்கத்தைப் பார்த்தாள். அது போட்டபடியே இருந்தது. ஒரு கணம் என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவளுடைய கம்பெனி பஸ்ஸைப் போகவிட்டுவிட்டு என் பைக்கில் ஏறினாள். பென்னலூரில் ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொன்னாள்.

டீ வருவதற்குள் அவளே ஆர்டரை ரத்து செய்தாள். போனை மேசையில் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"இப்ப ஒரே எடத்துல கீறோம். சொல்லு. வித்துறலாமா?"

காலையிலிருந்து அதற்காகத்தான் துடித்தேன். கேட்கிற உரிமை கைக்கு வந்ததும் விற்கிற தைரியம் போய்விட்டது. "சாயங்காலம் வரைக்கும் பாப்போமா?" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். "இத்த சொல்றதுக்கா கேட்ல வந்து வாட்ச்மேன் மாரி நின்ன?"

"நீ சொல்லு அப்ப."

"சனிக்கிழம கடைசி. இன்னும் இறங்கினா நான் பி.எஃப் ஆபீசுக்கு அலையணும். ஏறினா எனக்கு ஒண்ணும் வேணாம். எனக்கு காலேஜ் சீட்டுதான் வேணும்." டீயை ஒரு மிடறு குடித்தாள். "கொறையறத ஓவர்டைம் காசுல போட்டுக்கலாம். விக்கலாம். நீயும் கை வை."

இரண்டு கட்டைவிரலும் ஒரு பொத்தானில் பொருந்தாது. ஆனாலும் என் விரலை அவள் விரல் மேல் வைக்கச் சொன்னாள். விற்றோம், வாங்கிய விலைக்கும் கீழே.

வெள்ளிக்கிழமை கல்லூரியில் பணம் கட்டினோம். ரசீது வாங்கி வெளியே வந்தபோது பச்சை. செவ்வாய்க்கிழமை விற்றதைவிட நன்றாக மேலே போய், நாங்கள் வாங்கிய விலையையும் தாண்டியிருந்தது. நான் வழிநெடுகப் பேசினேன். மூன்று நாள் மட்டும் பொறுத்திருந்தால் என்று ஆரம்பித்து, நம்மைப் போல் பயந்தவர்கள் விற்றதைத்தான் யாரோ அடியில் வாங்கியிருக்கிறான் என்பது வரை. அவள் பின்சீட்டில் ரசீதைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வித்தாச்சு. மூடு" என்றாள். கொஞ்சம் கழித்து, "பொறுக்கறது கஷ்டமா இருந்துச்சா, வித்தது கஷ்டமா கீதா?" என்று கேட்டாள்.

அவள் லைனை விட்டாள். இப்போது தண்டலத்துக்குக் காலை பஸ்ஸில் போகிறாள். கணக்கு இன்னும் ஒன்றுதான், அவள் பெயரில்தான். அதில் கொஞ்சம் துணுக்கு மிஞ்சியிருக்கிறது, விற்றால் டீச்செலவுக்கு வரும். நான் அதை இன்னும் தினமும் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் எழுத வேண்டும். அந்த ஆர்டரைப் பற்றி, விற்ற அன்று மாலையே அவளிடம் கேட்டேன்.

"அவ்ளோ ஒசரத்துல எதுக்கு போட்ட? அந்த வெல வரவே வராதே."

"தோ, அதுவா? உள்ள போறதுக்கு முன்ன எப்பவும் போட்டுட்டுதான் போவேன். திடீர்னு ஒரேடியா ஏறிச்சுன்னா நான் உள்ள நிக்கும்போது யாரு விக்கறது?"

இருவரும் ஒரே இடத்தில் இருக்கும்போதுதான் விற்க வேண்டும் என்ற அவள் விதிக்கு அது ஒத்துவராவிட்டாலும், சரியான காரணம்தான். ஆனால் தேதி பார்ப்பது என் பழக்கம். செயலியில் பழைய ஆர்டர்களைப் புரட்டினேன். அவள் சொன்னது உண்மை: ஏ ஷிப்ட் நாட்களில் விடியலில் ஓர் ஆர்டர், ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் ரத்து. என் ஷிப்ட் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். செயலியில் தெரிந்த ஆர்டர்கள் எல்லாமே, அவள் உள்ளேயும் நான் இரவு வேலை முடிந்து வீட்டிலும் இருந்த நாட்களில் போட்டவை. நாங்கள் இருவருமே ஏ ஷிப்டில், இருவருமே போன் இல்லாமல் உள்ளே இருந்த வாரங்களும் சில உண்டு. அந்த நாட்களிலும் அவள் ஆர்டர் போட்டாள் என்றால் அவள் சொன்ன காரணம் முழு உண்மை. போடவில்லை என்றால் அந்தப் பூட்டு என் கைக்காகப் போட்டது.

அந்த வாரங்கள் பழையவை. செயலி அவ்வளவு தூரம் பின்னால் காட்டுவதில்லை. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் எழுதிக் கேட்டால்தான் பழைய பதிவுகளை அனுப்புவார்கள். அதற்கு நான் அவளைக் கேட்க வேண்டும். இதுவரை கேட்கவில்லை. ஆகவே இருவரும் உள்ளே இருந்த அந்த வாரங்களில் ஆர்டர் போடப்பட்டதா இல்லையா என்பது, இதை எழுதும் இன்றைய தேதி வரை சரிபார்க்கப்படவில்லை.